செவந்திக்குக் கஞ்சி வைக்காதீங்க

பட்டினி கிடந்த ஒரு பெண் குதிரையின் நெஞ்சைச் சுற்றித் தையல்காரர் நாடா ஒன்றைப் போட்டு அளந்தோம். 140 சென்டிமீட்டர். தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரை 135. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் குதிரையின் எடை ஏறக்குறையக் கிலோவில் வந்துவிடும். எங்களுக்கு வந்தது 223. "இந்த உயரத்துக்கு 280 இருக்கணும்" என்றார் டாக்டர். விலா எலும்பை எண்ணத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, வாசலில் நின்றே எண்ணலாம். முதுகெலும்பு ஓட்டுக்கூரை முகடு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. 1983-ல் ஹென்னகே வகுத்த அளவுகோலில் குதிரையின் உடம்புக்கு 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரை மதிப்பெண் போடுவார்கள். இவளுக்கு 2.

கும்பகோணத்துக்கு வெளியே ஒரு செங்கல் சூளைப் பக்கம் கட்டிக் கிடந்தவள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். கால் நொண்ட ஆரம்பித்ததும் வேலை நின்றுவிட்டது, வேலை நின்றதும் தீனியும் நின்றுவிட்டது. விலங்கு நல ஆட்கள் சிலர் உரிமையாளரிடம் பேசி, எழுதி வாங்கிக்கொண்டார்கள். வைத்துக்கொள்ள இடம் தேடினார்கள். எங்களிடம் மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்றை ஒட்டி, கால் ஏக்கர் திடலும் ஒரு காலி மாட்டுக் கொட்டகையும் இருந்தன. கஜா புயலில் விழுந்த எங்கள் தென்னைகளையே தூணாக நட்டுக் கட்டிய கொட்டகை அது.

கூட்டி வருவதற்கு முன்பே ஒன்றைச் செய்துவிட்டோம். நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது அதைத்தான். ரத்தம் எடுத்து கிளாண்டர்ஸ் சோதனைக்கு அனுப்பினோம். குதிரையிடமிருந்து மனிதனுக்கும் தொற்றக்கூடிய, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் அது. ஹரியானாவில் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான சோதனையைச் செய்கிறது. 'இல்லை' என்று தாள் வந்த பிறகுதான் லாரி பேசினேன். இரக்கத்தில் அன்றைக்கே ஏற்றி வந்துவிடத் தோன்றும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டேன்.

லாரியில் ஏற்றியது முழுக்க ஜட்கா தாத்தாவின் வேலை. எண்பதைத் தாண்டியவர், கும்பகோணத்தில் முப்பது வருஷம் ஜட்கா என்ற குதிரை வண்டி ஓட்டியவர், என் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர். "பலகையில ஏறச் சொன்னா ஏறாது தம்பி. வாய்க்கா கரையைக் காமி" என்றார். வாய்க்கால் கரையின் உயரமும் லாரித் தளத்தின் உயரமும் ஒன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து, வண்டியைப் பின்னால் எடுத்து ஒட்ட நிறுத்தினோம். இடைவெளியில் தடித்த பலகை, அதன் மேல் மண். தளத்தில் ஒரு சாண் உயரத்துக்குத் தென்னை நார்க்கழிவு. பக்கக் கம்பிகளில் வைக்கோல் திணித்த சாக்குகள். அவள் நடந்து வந்தாள், தரை மாறியது தெரியாமலே உள்ளே நின்றாள். முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி நிறுத்தினார் தாத்தா. பிரேக் போடும்போது தலை இடிபடாது, புட்டம்தான் தாங்கும். தலைக்கயிறு ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு, தலையைத் தாழ்த்தி மூக்கைச் சிந்தும் அளவுக்கு நீளம்.

வலங்கைமான் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த கேட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்னும் பின்னும் பஸ், ஹாரன், பக்கத்தில் மேளத்தோடு ஒரு கோயில் வண்டி. மேளச் சத்தம் கேட்டதும் அவள் உடம்பு முழுக்க நடுங்கியது, முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள், வேர்வை வயிற்றடியில் சொட்டியது. தாத்தா அந்த வயதில் லாரிக்குள் ஏறினார். பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் விரல் நுனியால் அழுத்திச் சொறிந்துகொண்டே நின்றார். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அதுதான், அங்கே சொறிந்தால் நெஞ்சுத்துடிப்பு இறங்கும். ரயில் போய், கேட் திறந்து, வீடு வந்து சேரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

செவலை நிறம் என்பதால் அம்மா செவந்தி என்று பெயர் வைத்தார். இரண்டு காதின் நுனிகளும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். கத்தியவாரி இனக் கலப்பு. மேல்வரிசையில் ஓரத்து வெட்டுப்பல்லில் ஈறிலிருந்து ஒரு பழுப்புக் கோடு இறங்கும். ஏறக்குறைய 10 வயதில் தோன்றி, 15-ல் பாதிப் பல்லைத் தொட்டு, 20-ல் பல் முழுக்க ஓடிவிடும். இவளுக்குப் பாதி, அதாவது ஏறக்குறைய 15 வயது. வாயின் இரண்டு ஓரமும் காய்த்துக் கிழிந்திருந்தன. முள் வைத்த கடிவாளத்தின் வேலை. 1965-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகளிலேயே முள் கடிவாளம் தடைசெய்யப்பட்டது. அந்த வாயில் இனி இரும்பு படாது என்று அன்றைக்கே முடிவு செய்தோம். இன்றுவரை துணிப்பட்டைத் தலைக்கயிறுதான்.

இனி தீனி. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் ஊரில் பசித்து வந்தவருக்கு உடனே வயிறு நிறையப் போட வேண்டும். அது தர்மம், அதில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. பட்டினி கிடந்த குதிரைக்கு அந்த தர்மமே எமன். பல வாரம் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் எரித்துப் பிழைத்துக்கொண்டிருக்கும். திடீரென மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அவை வற்றினால் இதயமும் மூச்சுத் தசையும் தடுமாறும். சாப்பிட ஆரம்பித்த மூன்றாம் நாள், ஐந்தாம் நாளில், தேறிவிட்டது என்று வீட்டார் நினைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். தாத்தாவுக்கு இந்த ரசாயனம் தெரியாது. அவர் சொன்னது இது: "பட்டினி கெடந்த குதிரைக்குக் கொள்ளு காட்டாத. மாடு மாதிரி நாலு வயிறு கெடையாது, வாந்தியும் வராது. உள்ள போனது கீழதான் போவணும்."

டாக்டர் கொடுத்த கணக்கு குதிரைமசால் என்ற தீவனப் பயிர். பெயரிலேயே குதிரை இருக்கிறது. புரதமும் பாஸ்பரஸும் மெக்னீசியமும் அதிகம், மாவுச்சத்து குறைவு. எங்கள் களிமண்ணில் தண்ணீர் நிற்பதால் அது நன்றாக வராது. கோயம்புத்தூர் பக்கமிருந்து காய்ந்த கட்டுகளாக லாரி பார்சலில் வரவழைத்தேன். முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 300 கிராம், ராத்திரி உட்பட ஆறு வேளை. தராசில் நிறுத்துதான் வைத்தோம். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து, பின்னிரவு இரண்டு. 300 கிராம் என்பது இரண்டு கைப்பிடி. அவள் அதைச் சீக்கிரமே தின்றுவிட்டு என்னைப் பார்ப்பாள். கட்டு பக்கத்து அறையில் இருக்கிறது, அதன் வாசனை அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியங்களில் அந்த மூன்று ராத்திரியும் ஒன்று.

நான்காம் நாள் அளவைக் கொஞ்சம் ஏற்றினோம். அன்றைக்குத்தான் அது நடந்தது.

குதிரை வந்த செய்தி பரவி, கூட்டம் வந்துகொண்டே இருந்தது. எல்லையில் இருக்கும் அய்யனார் கோயிலில் சுதைக் குதிரைதான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். "அய்யனார் குதிரை எறங்கி வந்துருக்கு" என்று ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். வந்த யாரும் வெறுங்கையோடு வரவில்லை. வாழைப்பழம், வெல்லம், தவிடு. நான் இருக்கும்போது வாங்கி ஓரமாக வைத்துவிடுவேன். அன்று மத்தியானம் உளுந்து அடிக்கும் களத்துக்குப் போயிருந்தேன். தெற்குத் தெரு அத்தை வந்திருக்கிறார். எலும்பும் தோலுமாக நிற்பதைப் பார்த்து மனசு கேட்காமல், வீட்டுக்குப் போய் அரை வாளி சோற்றுக் கஞ்சி, வெல்லம் கரைத்து, தன் கையாலேயே ஊட்டியிருக்கிறார். ஒரு சொட்டு மிச்சமில்லை.

மாலை நான் வந்தபோது செவந்தி முன்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள். கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் விலாவைப் பார்த்தாள். உதட்டைச் சுருட்டினாள். படுக்க மடங்கினாள், எழுந்தாள். காதை விலாவுக்குப் பின்னால் வைத்துக் கேட்டேன். குடல் ஓடும் சத்தமே இல்லை. கீழ்த்தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணினேன், நிமிஷத்துக்கு 68. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். வயிற்று வலி.

டாக்டர் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை புரண்டு விழாமல் மெதுவாக நடத்தினோம். அவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார், வலி ஊசி போட்டார், நரம்பில் திரவம் ஏற்றினார், மறுநாள் ரத்தம் எடுத்து பாஸ்பேட்டையும் பார்க்கச் சொன்னார். வலி ஊசியை நாமாகப் போட்டுவிட்டால் குடல் முறுக்கு இருந்தாலும் வெளியே தெரியாமல் போகும், அதனால் அவர் வரும்வரை எதுவும் கொடுக்காமல் இருந்தது நல்லது என்றார். பின்னிரவு இரண்டு மணிக்கு நாலு உருண்டை லத்தி போட்டாள். அம்மா அதை டார்ச் அடித்துப் பார்த்து அழுதுவிட்டார். வாசலில் அத்தை ராத்திரி முழுக்கச் சாணம் மெழுகிய திண்ணையில் உட்கார்ந்திருந்தார், வீட்டுக்குப் போகவில்லை. தப்பு அவருடையது இல்லை. டாக்டர் எனக்குச் சொன்னதை நான் தெருவுக்குச் சொல்லவில்லை. மறுநாள் பலகையில் சுண்ணாம்பால் எழுதி மூங்கில் படலில் கட்டினேன்: "சோறு, கஞ்சி, தவிடு, பழம் எதுவும் வேண்டாம். கையால் தடவிக் கொடுங்கள், அது போதும்." அத்தைதான் அதற்குப் பிறகு காவல். யார் பையைத் திறந்தாலும் அவர் குரல் கேட்கும்.

பத்தாம் நாளில் நாலு வேளையாக நாலு கிலோ வரை வந்தோம். பிறகு வரப்பு அருகம்புல், மரத்தடியில் காயவைத்த கடலைக்கொடி. கொடியில் பூஞ்சணம் பிடித்த பிடி ஒன்றைக்கூட விடாமல் உதறிப் பொறுக்க வேண்டும். பத்து நாளுக்குப் பின் வேதாரண்யம் கல்லுப்பு தினம் ஒரு கைப்பிடிக்கும் குறைவாக. தண்ணீர் நாளைக்கு 25 லிட்டர், சித்திரை வெயிலில் 40 வரை. வேக வைத்த கொள்ளு இரண்டு மாதம் கழித்துத்தான், அதுவும் கால் கிலோவுக்கு மேல் போகவில்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியைச் சொல்லித்தான் தாத்தா அதைத் தடுத்து வைத்திருந்தார்.

டெல்டாவில் குதிரை வைக்க நினைப்பவர்கள், மாட்டுக்குப் போடுவதையெல்லாம் குதிரைக்குப் போடலாம் என்று எண்ண வேண்டாம். வைக்கோல் எங்களிடம் மலையாகக் கிடக்கிறது, ஆனால் சிலிக்கா நிறைந்த அந்தத் தண்டு, பல் சரியில்லாத குதிரையின் குடலில் அடைத்துக்கொள்ளும். எல்லார் வரப்பிலும் இருக்கும் கம்பு நேப்பியரில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் கூடுதல். இரண்டையும் மாதக்கணக்கில் முதன்மைத் தீனியாக வைத்தால் எலும்பு கரைந்து முகம் வீங்கும். ஆடு விரும்பித் தின்னும் சவுண்டல் இலையில் இருக்கும் மிமோசின் குதிரையின் பிடரியையும் வாலையும் உதிர்த்துவிடும். கோழித் தீவனத்தில் கலக்கும் மோனென்சின் குதிரையின் இதயத்தைத் தாக்கும், அந்தச் சாக்கு கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. வேலியோரம் அம்மா பூஜைக்கு வளர்த்த அரளிச் செடி நான்கையும் வேரோடு பிடுங்கினோம். அம்மாவே பிடுங்கினார்.

முதலில் படுக்கைக்கு வைக்கோல் விரித்தது என் தவறு. ராத்திரியில் படுக்கையையே தின்ன ஆரம்பித்தாள். அன்றைக்கே அள்ளிவிட்டு, பட்டுக்கோட்டை கயிறு ஆலையிலிருந்து நார்க்கழிவு கொண்டுவந்து கொட்டினோம். மூத்திரத்தை நன்றாக உறிஞ்சுகிறது, நாற்றம் இல்லை, நனைந்ததை மட்டும் அள்ளித் தென்னைக்குப் போட்டுவிடலாம்.

மூன்றாவது வாரம் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனை. மாட்டு ஈ கடித்துப் பரப்பும் சர்ரா நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. மாடுகள் அந்தக் கிருமியை வெளியே காட்டாமல் சுமக்கும், குதிரையையோ அந்த நோய் கொன்றுவிடும். அதனால்தான் எங்கள் மாடுகளுக்கும் இவளுக்கும் நடுவே தோப்பின் அகலம் வைத்திருக்கிறோம். வில்வாத (டெட்டனஸ்) ஊசி போட்டார்கள். பூச்சி மருந்தை முதல் நாளே கொடுக்கவில்லை. லத்தியில் முட்டையை எண்ணிப் பார்த்து, உடம்பு கொஞ்சம் தாங்கும் நிலைக்கு வந்த பிறகு கொடுத்தோம்.

குளம்பு ஓடம் மாதிரி முன்னால் நீண்டு கிடந்தது. எங்கள் பக்கம் மாட்டுக்கு லாடம் அடிப்பவர் இருக்கிறார், பிளந்த குளம்புதான் அவருக்குப் பழக்கம், தெரியாததைத் தொட மாட்டேன் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். திருச்சியிலிருந்து ஆள் வந்தார். ஒரே தடவையில் வெட்டிச் சீராக்கவில்லை, ஏழு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் இறக்கினார். நொண்டலுக்குக் காரணம் வலது முன்காலில் பழைய சீழ்க்கட்டு. திறந்து, எப்சம் உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, சாக்கு கட்டினோம். அவர் வருவதற்கு முன்னே மூன்று வாரம் நான் செய்தது ஒன்றே ஒன்று. தினம் காலைத் தொட்டு, தூக்கி, இரண்டு விநாடியில் அவள் இழுக்கும் முன்னே நானே விட்டுவிடுவேன். இழுத்த பிறகு விட்டால், இழுத்தால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும்.

மனசு தேறியது உடம்பைவிட மெதுவாக. தினம் மாலை கொட்டகைக்குள் ஒரு சாக்கைப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குப் பார்வை இல்லை, அதனால் எப்போதும் இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போவேன். பதினொன்றாம் நாள் என் தோளில் சூடான மூச்சு பட்டது. திரும்பவில்லை. துணைக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டியை விட்டோம், கருப்பி. மந்தை விலங்கு தனியாக நின்றால் தூங்காமல் காவல் காக்கும். நின்றுகொண்டே கண் அயர்வாளே தவிர, ஆழ்ந்த தூக்கத்துக்குக் குதிரை படுத்தாக வேண்டும். பத்தொன்பது நாள் அவள் படுக்கவே இல்லை. இருபதாம் நாள் பின்னிரவு அம்மா வந்து எழுப்பினார். "தம்பி, செவந்தி போயிட்டாடா." ஓடினேன். நான்கு காலையும் நீட்டி, கன்னத்தை நார்க்கழிவில் பதித்து, கனவில் குளம்பை அசைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கருப்பி அவள் வயிற்றில் சாய்ந்து படுத்திருந்தது. நாங்கள் இருவரும் படலைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றோம்.

மேளத்துக்கு மட்டும் நெடுநாள் பயம் போகவில்லை. தூரத்தில் கைபேசியில் சன்னமாக வைத்து, அவள் புல் தின்னும்போது மட்டும் கேட்க விட்டு, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டினோம். காது நிமிர்ந்து வாய் அசைவது நின்றால் உடனே குறைத்துவிடுவோம். ஆடித் திருவிழாவுக்குப் பறைக்காரர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது தாங்களாகவே கையை நிறுத்திக்கொண்டு நடந்தார்கள். நான் கேட்கவில்லை. தெரு முழுக்க அவளைத் தெரிந்துவிட்டது.

ஐப்பசி அடைமழைதான் அடுத்த பாடம். திடல் சேறாகி, குளம்புக்கு அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைச் சதை அழுகி, கறுப்பாக, நாற்றத்தோடு கசிய ஆரம்பித்தது. தினம் இரண்டு வேளை பள்ளங்களைச் சுரண்டி, கழுவி, துணியால் ஈரமே இல்லாமல் ஒற்றி, மயில்துத்தக் கரைசலைப் பஞ்சில் நனைத்து அந்தப் பள்ளத்தில் மட்டும் வைத்தோம். தோலில் பட்டால் எரிக்கும். ஆனாலும் மருந்தால் தீர்வது பாதிதான், கால் காய்ந்த இடத்தில் நிற்க வேண்டும். கப்பி கொட்டி, மேலே செம்மண் போட்டு, ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு மேடை அடித்தோம், சுற்றி வடிகால் வெட்டினோம். கார்த்திகை கடைசியில் நாற்றம் நின்றது.

பதினைந்து மாதம் ஆகிறது. போன வாரம் நாடா போட்டோம், நெஞ்சு 152, எடை 263 என்று வருகிறது. இன்னும் 17 கிலோ பாக்கி. ஒரு காலில் லேசான தயக்கம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது, அதனால் முதுகில் யாரும் ஏறுவதில்லை. அத்தைக்கு இப்போது தினம் மாலை ஒரு கேரட் கொடுக்க அனுமதி உண்டு, நீளவாக்கில் நறுக்கித்தான் எடுத்து வருவார். பாமணியில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டது. மேடையின் கிழக்கு மூலை போன மழையில் அரை அடி இறங்கியிருக்கிறது. ஐப்பசிக்கு முன்னே ஏற்ற வேண்டும், இரண்டு லோடு கப்பிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.